வாக்குரிமை பற்றிய பேச்சு: தவறானால் விலை கொடுப்பவர் யார்?

கேள்வி இதுதான். அரசியல் தலைவர், அதிகாரி, நிறுவனம் என யாராவது வாக்குரிமை பற்றிப் பொதுவெளியில் ஒன்றைச் சொல்லும்போது, அது அறத்துக்கு உட்பட்டதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? உண்மையா பொய்யா என்று பார்த்தால் போதாதா? ஆதாயம் உள்ளவர் பேசினாலே அது தவறாகிவிடுமா? பேசாமல் இருந்துவிடுவது பாதுகாப்பான வழியா?

உண்மையா என்று பார்ப்பது தொடக்கம் மட்டுமே, அது போதாது. அதற்குப் பிறகு நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன். இந்தப் பேச்சு தவறாக இருந்தால் அதற்கான விலையைக் கொடுக்கப்போவது யார்? சொன்னவரா, யாரைப் பற்றிச் சொன்னாரோ அவரா? வரி பற்றித் தவறாகப் பேசி ஒரு முடிவு எடுக்கப்பட்டால் அடுத்த ஆண்டு அதைத் திருத்தலாம். தேர்தல் நாளில் வாக்களிக்க முடியாமல் போனவருக்கு அந்த வாக்கைப் பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது. அதோடு, தன்னை அந்த நிலைக்கு ஆளாக்கியவரைப் பதவியிலிருந்து இறக்கும் வழியும் அவர் கையிலிருந்து போய்விடுகிறது. அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் பேசுபவருக்குக் கூடுதல் கடமை உண்டு என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2019 ஜனவரி 25 அன்று, தேர்தல்களை மேற்பார்வையிடும் மாநிலச் செயலர் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓட்டுநர் உரிமம் வழங்கும் துறையின் பதிவேட்டில் 'குடிமகன் அல்லர்' என்று குறிக்கப்பட்ட சுமார் 95,000 பேரின் விவரங்கள் வாக்காளர் பட்டியலோடு பொருந்துகின்றன. அவர்களில் சுமார் 58,000 பேர் 1996 முதல் 2018 வரை ஏதாவது ஒரு தேர்தலிலாவது வாக்களித்திருக்கிறார்கள் என்றது அறிக்கை. மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் அன்றே அதை வாக்காளர் மோசடி பற்றிய எச்சரிக்கையாக ட்விட்டரில் பெரிய எழுத்துகளில் பதிவிட்டார். இரண்டு நாளில் அன்றைய அதிபரும் அந்த எண்களை எடுத்துச் சொன்னார்.

உண்மையில் நடந்திருந்தது வேறு. உரிமம் எடுத்தபோது வெளிநாட்டவராக இருந்தவர், பிறகு குடியுரிமை பெற்று, முறைப்படி வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறார். உரிமம் பல ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் குடியுரிமை கிடைத்ததை அந்தத் துறைக்குப் போய்ச் சொல்ல வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. டெக்சாஸில் ஆண்டுதோறும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படிக் குடியுரிமை பெறுகிறார்கள். சில நாட்களிலேயே சுமார் 25,000 பெயர்கள் தவறாகச் சேர்ந்தவை என்பது தெரிந்தது. அது பெரிய எழுத்து அறிவிப்பாக வரவில்லை. அதிகாரிகள் மாவட்ட அலுவலகங்களைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். அதற்குள் சில மாவட்டங்கள், 30 நாட்களுக்குள் குடியுரிமையை நிரூபிக்காவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று கடிதங்களை அனுப்பத் தொடங்கியிருந்தன. பிப்ரவரியில் கூட்டாட்சி நீதிபதி நீக்கத்தைத் தடுத்தார். ஏப்ரலில் அரசு சமரசம் செய்துகொண்டு அந்த நடவடிக்கையைக் கைவிட்டது. மே மாத இறுதியில் செயலர் பதவி விலகினார்.

இந்த நிகழ்வை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செயலரின் அறிக்கையில் பச்சைப் பொய் என்று சுட்டிக்காட்ட எளிதாக எதுவும் அகப்படாது. பட்டியல்கள் பொருந்தத்தான் செய்தன. மாவட்டங்களுக்கு அனுப்பிய குறிப்பில் இவை பலவீனமான பொருத்தங்கள் என்றுகூட எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த எச்சரிக்கை அதிகாரிகளுக்கான தாளில் தங்கிவிட்டது. 95,000 என்ற எண் மட்டும் ஊரெங்கும் போனது. ஐயத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு, குற்றச்சாட்டை மட்டும் பொதுமக்களிடம் கொடுப்பதுதான் இங்கே நடந்த அறமீறல். புதிதாகக் குடியுரிமை பெற்ற ஒருவர் அரசிடமிருந்து அப்படி ஒரு கடிதத்தைப் பிரிக்கும்போது, தான் வாக்களித்ததே குற்றமோ என்று அஞ்சுவார். அடுத்த தேர்தலில் அவர் வாக்குச்சாவடிக்கு வராமல் போனால் அதை எந்தப் பதிவேடும் காட்டாது.

எனவே எண்ணைக் கேட்டவுடன் நான் கேட்கும் முதல் கேள்வி, 'இந்த எண் எதை எண்ணியது?' என்பது. இரண்டு பதிவேடுகளில் ஒரே பெயரும் பிறந்த தேதியும் இருப்பதை எண்ணினார்களா, விசாரித்து உறுதி செய்ததை எண்ணினார்களா? முதலாவதை எண்ணிவிட்டு இரண்டாவதைப் போலப் பேசுவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. எல்லாக் கட்சியும் செய்கிறது. இறந்தவர், இடம் மாறியவர், இரண்டு இடங்களில் பெயர் உள்ளவர் என்று ஒரு பட்டியலில் இருக்கும் குறைகள் அத்தனையும் 'கள்ள ஓட்டு' ஆகிவிடாது. பட்டியலில் பிழை இருப்பது ஒன்று, அந்தப் பிழையைப் பயன்படுத்தி யாராவது வாக்களித்திருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்லாமல் பேசுபவர், அவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், நேர்மையாகப் பேசவில்லை.

அளவும் அறத்தின் பகுதிதான். 'தகுதியில்லாத ஒரே ஒரு வாக்குகூட விழக்கூடாது' என்பது கேட்க நியாயமாக இருக்கும் வாக்கியம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம் குடியுரிமைச் சான்று ஆவணம் கட்டாயம் என்று சட்டம் போட்டபோது சுமார் 31,000 பேரின் பதிவு விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன அல்லது ரத்தாயின. வழக்கில் நீதிமன்றம் கண்டறிந்தபடி, 19 ஆண்டுகளில் அந்த மாநிலப் பட்டியலில் நுழைந்த குடிமக்கள் அல்லாதோர் அதிகபட்சம் 39 பேர். நிறுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் தகுதியுள்ள குடிமக்கள். அந்த வாக்கியத்தைச் சொல்பவர் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்படியும் அந்தச் சட்டம் தேவை என்று வாதாடட்டும். அது ஒரு நிலைப்பாடு, அதை மதித்து மறுக்கலாம். முதல் எண்ணை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் காட்டினால் கேட்பவருக்கு எடைபோட வாய்ப்பே கொடுக்கவில்லை என்று பொருள்.

அப்படியானால் பட்டியலைப் பற்றிச் சந்தேகமே கிளப்பக்கூடாதா என்று கேட்கலாம். கிளப்பலாம், கிளப்பவும் வேண்டும். கேட்கும் முறைக்கு ஒரு நல்ல அளவுகோல் இந்தியத் தேர்தல் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோருபவர் படிவம் 7-இல் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு உறுதிமொழி தர வேண்டும். அது பொய் என்று தெரிந்தே தந்ததானால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். பெயர் நீக்கப்படவிருப்பவருக்கு நோட்டீஸ் தந்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 1995-இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் குடியுரிமையைச் சந்தேகிக்கும்போது, முன்பு முறைப்படி விசாரித்துத்தான் அவரைச் சேர்த்திருப்பார்கள் என்பதற்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்றும், போலீஸ் அறிக்கையை மட்டும் நம்பி நீக்கிவிடக் கூடாது என்றும் சொன்னது.

இந்த மூன்றும் படிவத்துக்கும் அலுவலகத்துக்கும் மட்டும் உரியவை அல்ல. சந்தேகத்தை எழுப்புபவர் தன்னையும் பணயம் வைக்கட்டும். சந்தேகிக்கப்படுபவருக்குப் பதில் சொல்ல இடம் இருக்கட்டும். இருந்துவரும் உரிமைக்கு முன்மதிப்பு இருக்கட்டும். மேடைப் பேச்சையும் இதே அளவுகோலால் அளக்கலாம். ஒரு தொகுதியில் இத்தனை ஆயிரம் போலி வாக்காளர்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்பவர், அவர்களில் எத்தனை பேரை ஆட்சேப மனுவில் கையெழுத்திட்டுச் சொல்லத் தயாராக இருக்கிறார் என்று பாருங்கள். தயாராக இருப்பவரின் பேச்சுக்கு உடனடியாகப் பதில் கிடைக்க வேண்டும். அதைத் தட்டிக்கழிக்கும் அதிகாரியும் அறம் பிறழ்ந்தவரே. விவரம் கேட்டால் விவரத்தைத் தருவதுதான் தேர்தல் அதிகாரியின் வேலை. கேட்டவரின் நோக்கத்தை விமர்சிப்பது அவர் வேலையல்ல.

மேடைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஒருவரின் வாக்கியம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். 2020 அமெரிக்க அதிபர் தேர்தலுக்குப் பிறகு டிரம்ப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி தொலைக்காட்சிகளிலும் செய்தியாளர் கூட்டங்களிலும் பெரும் மோசடி நடந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியாவில் நீதிபதி கேட்டபோது, இது மோசடி வழக்கு அல்ல என்று ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் பொய்க்கு விலை உண்டு, மேடையில் இல்லை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அந்த விலையை வேறு ஆட்கள் கொடுத்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் வாக்கு எண்ணிய இரண்டு பணியாளர்கள்மீது அவர் சுமத்திய பழியால் அவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2023 டிசம்பரில் ஜூரி அவர்களுக்கு 14.8 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. வாக்கு எண்ணும் வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் சாதாரண ஊழியர்கள். தங்களைக் காத்துக்கொள்ள அவர்களிடம் ஒலிபெருக்கி இல்லை. அவர்களை அஞ்ச வைத்து விரட்டிவிட்டால் அடுத்த தேர்தலை நடத்த யார் வருவார்கள்?

வாக்குரிமைக்காகப் பேசுபவர்களுக்கு இதே அளவுகோல் தளர்ந்துவிடுவதை நான் ஏற்கவில்லை. 2021 மார்ச் 25 அன்று ஜார்ஜியாவில் ஒரு தேர்தல் சட்டம் கையெழுத்தானது. அஞ்சல் வாக்குக்கு அடையாள எண் கேட்டது, அஞ்சல் வாக்குகளை நேரில் போடும் பெட்டிகளின் எண்ணிக்கையையும் நேரத்தையும் கட்டுப்படுத்தியது, வரிசையில் நிற்பவர்களுக்கு உணவும் தண்ணீரும் தருவதைக் குற்றமாக்கியது. கண்டிக்கப் போதுமான விஷயம் அதிலேயே இருந்தது. ஆனால் அதிபர் பைடன், மாலை ஐந்து மணிக்கே வாக்களிப்பை முடித்துவிடும் சட்டம் என்றார். தேர்தல் நாளின் நேரம் மாறவே இல்லை. முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது குறைந்தபட்சம்தான், மாவட்டங்கள் அதைக் காலை 7 முதல் மாலை 7 வரை நீட்டிக்கலாம். வேலை முடிந்து ஆறு மணிக்குப் போகலாம் என்றிருந்த ஒருவர், இதைக் கேட்டு, இனி போய்ப் பயனில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டால்? அந்த வாக்கு பறிபோனது சட்டத்தால் அல்ல, அவருக்காகப் பேசியவரின் வாக்கியத்தால். அடக்குமுறையைப் பெரிதுபடுத்திப் பேசுவதும் வாக்காளரை விலக்கும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. மறுபக்கம், 2022-இல் பலர் வாக்களித்தார்கள், எனவே சட்டத்தால் யாருக்கும் தடையில்லை என்று சொன்னவர்களின் வாதமும் நிற்காது. தடையைத் தாண்டி வந்தவர்களின் எண்ணிக்கை, தடையில் நின்றுவிட்டவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதே சட்டத்தின்போது நிறுவனங்களும் பேசின. அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட டெல்டா விமான நிறுவனத்தின் தலைவர், சட்டம் கையெழுத்தான மறுநாள், மசோதா விவாதத்தின்போது பெரிதும் மேம்பட்டுவிட்டது என்ற தொனியில் பேசினார். எதிர்ப்பு வலுத்த பிறகு, மார்ச் 31 அன்று, அதை ஏற்க முடியாதது என்று ஊழியர்களுக்கு எழுதினார். இரண்டாவது கருத்து தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேச்சு எப்போது வந்தது என்பதற்கு எடை உண்டு. சட்டத்தை மாற்ற முடிந்த நாட்களில் கதவுக்குப் பின்னால் பேசிவிட்டு, மாற்ற முடியாத நாளில் வெளியே வந்து கண்டித்தால், அந்தக் கண்டனம் தன் பெயரைக் காப்பாற்றும், வாக்காளருக்கு உதவாது. நிறுவனங்களின் அறிக்கைகளை மதிப்பிடும்போது, அவை யாருடைய தேர்தல் செலவுக்கு நன்கொடை தந்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.

தேதி, இடம், நேரம், தேவையான ஆவணம் பற்றித் தெரிந்தே பொய் சொல்வதில் விவாதிக்க அதிகம் இல்லை. 2011 மே 2 அன்று கனடாவின் குவெல்ஃப் தொகுதியில் ஆயிரக்கணக்கானோருக்குத் தேர்தல் ஆணையத்தின் பெயரில் தானியங்கி அழைப்பு போனது; வாக்குச்சாவடி மாறிவிட்டது என்றது. கட்சி ஊழியர் ஒருவர் 2014-இல் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் எல்லா இடத்திலும் சட்டம் இப்படிப் பிடித்துவிடாது. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது, குறுஞ்செய்தியிலேயே வாக்களிக்கலாம் என்று பொய்ப் படங்களைப் பரப்பியவர் 2023-இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சதியில் சேர்ந்ததற்கான ஆதாரம் போதாது என்று அதை ரத்து செய்தது. தண்டிக்க ஆதாரம் போதாமல் இருக்கலாம். அதனால் அந்தச் செயல் நியாயமாகிவிடாது. சட்டம் விட்டுவிட்டதா என்பதை அறத்தின் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மிகவும் கடினமான வகை, யாருக்கு வாக்கு இருக்க வேண்டும் என்ற கருத்துப் பேச்சு. இதில் உண்மை, பொய் என்று சோதிக்க எதுவும் இல்லை. இலங்கையில் 1927-28-இல், ஆட்சி முறைச் சீர்திருத்தம் பற்றி ஆராய பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது மக்கள் தொகையில் சுமார் 4 விழுக்காட்டினருக்கே வாக்கு இருந்தது. எல்லாருக்கும் வாக்கு என்பதைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தார். ஆணைக்குழு அதை ஏற்காமல் சர்வஜன வாக்குரிமையைப் பரிந்துரைத்தது. 1931-இல் அது நடைமுறைக்கு வந்தது. இராமநாதனின் நிலைப்பாடு எனக்கு ஒப்புதல் இல்லாதது. ஆயினும் அவர் தன் எதிர்ப்பைத் திறந்து வைத்தார்; எதிர்வாதம் செய்ய ஓர் இலக்கு கிடைத்தது, வாதம் தோற்றது.

1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தை இதனோடு ஒப்பிடுங்கள். அது ஒரு புதிய நாடு தன் குடிமக்கள் யார் என்று வரையறுக்கும் சட்டமாக முன்வைக்கப்பட்டது. தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும் என்றபோது, பிறப்புப் பதிவே இல்லாத, இந்திய வம்சாவளியினரான மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியே தள்ளப்பட்டார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் சட்டம், குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்று திருத்தப்பட்டது. 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றிருந்தது. 1952-இல் ஓர் இடம்கூட இல்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தர 2003 வரை சட்டங்கள் தேவைப்பட்டன. நிர்வாக ஏற்பாடு என்று சொல்லப்படும் எதையும், அதன் முடிவில் யாருடைய வாக்கு இல்லாமல் போகும் என்று கேட்டுத்தான் எடைபோட வேண்டும். விளைவு தெரிந்தும் அதைச் சொல்லாமல் விட்டால், சொன்னது அத்தனையும் சரியாக இருந்தாலும் அது ஏமாற்றுதான்.

சுவிட்சர்லாந்தில் 1959-இல் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்த ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேண்டாம் என்றார்கள். 1971-இல்தான் அது நிறைவேறியது. பேசப்படுபவருக்கு அந்த முடிவில் வாக்கே இல்லாத நிலையில் பேசுபவர், தன் பேச்சை இரண்டு மடங்கு சோதித்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

ஒரு நல்ல உதாரணமும் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிய விரும்பினார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், வாக்காளர் தன் பெயரால்தான் பட்டியலில் இருக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இடம்பெறாமல் போயின. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதாடலாம். என்னைப் பொறுத்தவரை அது மிகக் கடுமையான விலை. ஆனால் அந்த எண்ணை அவர் மறைக்கவில்லை. தன் பணியால் யார், எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதைத் தன் அறிக்கையிலேயே எழுதினார். அதிகாரத்தில் உள்ளவர் வாக்குரிமை பற்றிப் பேசும்போது எதிர்பார்க்க வேண்டிய நேர்மை இது. அவர் எழுதாமல் விட்டிருந்தால் அந்த எண் நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஆதாயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். தேர்தலில் போட்டியிடுபவர் எல்லாருக்கும் ஆதாயம் உண்டு. அவர்களை வாயடைத்துவிட்டால் குறைகளைக் கண்டுபிடிக்கும் ஊக்கம் உள்ளவர்களே இல்லாமல் போவார்கள். ஆதாயம் இருப்பதை மறைக்காமல் இருந்தால் போதும். தனக்குச் சாதகமான தொகுதியிலும் பாதகமான தொகுதியிலும் ஒரே குறைக்கு ஒரே குரலில் பேசுகிறாரா என்பதை மட்டும் பாருங்கள். வென்ற இடத்தின் பட்டியல் சுத்தமாகவும் தோற்ற இடத்தின் பட்டியல் மோசடியாகவும் ஒருவருக்குத் தெரிந்தால், அவர் பட்டியலைப் பார்க்கவில்லை.

மௌனத்தைப் பொறுத்தவரை, அது பாதுகாப்பானதாக இருக்கலாம். யாருக்குப் பாதுகாப்பு என்பதுதான் கேள்வி. மேலே சொன்ன இலங்கைச் சட்டங்களால் மலையகத் தமிழரின் வாக்கு பறிபோனபோது வடக்குத் தமிழரின் வாக்குக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. வடக்குத் தமிழரின் கட்சியான தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அதே அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் அந்தக் கட்சியை விட்டு வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையக மக்களின் உரிமைப் பறிப்பு அந்தப் பிளவின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. தன் தொகுதியில் யாருடைய வாக்கும் போகாத ஒரு விஷயத்துக்காக, அந்த வாக்குகளால் தனக்கு இனி ஒரு பயனும் இல்லை என்ற நிலையில் அவர் பேசினார். 1952 தேர்தலில் அவர் காங்கேசன்துறையில் தோற்றுப்போனார்.